பதினோரு பேர் அகலம்

அத்தியாயம் 7

தங்கக் கதவின் மேல்சட்டத்தில் அல்பொன்சாவின் நெற்றி மோதிய சத்தம் இறால் பண்ணை முழுக்கக் கேட்டது.

"மாதாவே! மிஸ், இது கதவா, கோழிக்கூடா?" அவள் நெற்றியைத் தேய்த்தபடி கத்தினாள். "டீவில பாக்கக்குள்ள யானையே போகலாம் போல இருந்துச்சே!"

ஸும்ராவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் கண் கதவிலேயே நின்றது. தங்க நிறப் பெயின்ட், நடுவில் பெரிய ஏழு, ஓரமெல்லாம் பல்பு மாட்டிய ஓட்டைகள். மூன்று நாளைக்கு முன்பு வரை 'ஏழு வாசல்' என்ற இணையத் தொலைக்காட்சிப் போட்டியின் கடைசி வாசல் இதுதான். இப்போது முந்தல் பக்கத்து இறால் பண்ணைக் காவல்காரர் அதைத் தன் கழிவறைக்கு மாட்டியிருந்தார். போட்டி நடத்தியவர்கள் மேடையைப் பிரித்து எரிக்கச் சொன்னார்களாம். நல்ல பலகையை எரிக்க அவருக்கு மனம் வரவில்லையாம்.

"அக்கா, நாடாவ எடுங்க."

"என்ட மண்டை வீக்கத்த அளக்கவா?"

"கதவ அளக்க."

அல்பொன்சா முணுமுணுத்துக்கொண்டே அளந்தாள். ஐம்பத்திரண்டு வயது, சிலாபத்துக்காரி, முச்சக்கரவண்டி ஓட்டுகிறவள். ஸும்ராவுக்கு வண்டியும் அவள்தான், வாயும் அவள்தான். ஸும்ராவோ காப்புறுதிக் கம்பனியொன்றில் பதினெட்டு வருடம் பொய் நட்டஈட்டுக் கோரிக்கைகளைப் பிடித்துப் பிடித்து, வேலை போன பின்பும் அந்தப் புத்தி போகாதவள்.

"நாலடி ஒன்பது அங்குலம்," என்றாள் அல்பொன்சா. "குனிஞ்சு போனா சொர்க்கம், நிமிந்து போனா ஆஸ்பத்திரி."

"தூரத்தில நிக்கிற பெரிய கதவு எண்டு ஊரே நம்பிச்சு," என்றாள் ஸும்ரா. "இது பக்கத்தில நிண்ட சின்னக் கதவு."

"அதால என்ன மிஸ்?"

"அதால போட்டிய நடத்துற சுஹைர் பொய் செல்லியிருக்கலாம்."

மணி பன்னிரண்டு. நாலு மணிக்குள், கைதான தச்சன் அம்ஜதை நீதவான் முன் நிறுத்துவார்கள். கொலைக் குற்றச்சாட்டு, ஒருமுறை உள்ளே போனால் எப்போது வெளியே வருவான் என்று யாருக்கும் தெரியாது.

நடந்தது இதுதான். வெள்ளிக்கிழமை பின்னேரம், ஆயிரக்கணக்கானவர்கள் கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருக்க, நேரலையில் ஒரு மனிதர் செத்தார். பெயர் முத்தலிபு. மாம்புரியில் மரக்கறித் தோட்டம் வைத்திருந்தவர், ஐந்தடிக்கும் குறைவான, சிரித்த முகம். சுஹைர் நடத்திய போட்டியின் சட்டம் சுலபமானது: சரியான பதில் சொன்னால் ஒரு வாசல் திறக்கும், பிழையான பதிலுக்குப் போட்டியாளர் நிற்கிற சிவப்புச் சதுரம் திறக்கும். மேடை நின்றது கைவிட்ட இறால் குஞ்சுப் பண்ணைக் கொட்டகைக்குள். சிவப்புச் சதுரத்துக்குக் கீழே, ஒரு பக்கம் வடிகால் வாய்க்காலுக்குத் திறந்த, ஏழடி ஆழமான பழைய சீமெந்துத் தொட்டி, அதற்குள் நெஞ்சளவுக்குப் பஞ்சு மெத்தை. விழுகிறவர் மெத்தையில் துள்ளுவார், பார்க்கிறவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அன்று மெத்தை இல்லை. முத்தலிபுவின் கழுத்து தொட்டி விளிம்பில் அடித்த சத்தம் ஒலிவாங்கியில் தெளிவாகவே விழுந்திருந்தது.

நிகழ்ச்சி தொடங்கும்போது கெமரா தொட்டிக்குள் எட்டிப் பார்த்தது, மெத்தை இருந்தது. ஆகவே இடையில்தான் யாரோ இழுத்திருக்க வேண்டும். சுஹைர் தொடக்கம் முதல் முடிவு வரை திரையில் இருந்தார், பார்வையாளர்கள் சிரிக்கிற காட்சி வந்த ஒன்பது விநாடி தவிர. மேடையின் ஒரு கோடியில் அவருடைய மேசை, மறு கோடியில் தொட்டி. நடுவில் அறுபது அடியாவது இருக்கும் என்று வீடியோவைப் பார்த்த பொலிஸ் கணக்குப் போட்டது. கோட்டும் சூட்டும் போட்ட ஐம்பது வயதுக்காரர் ஒன்பது விநாடியில் போய், மெத்தையை இழுத்துவிட்டு, மூச்சு வாங்காமல் வந்து நிற்க ஏலாது. மிச்சம் இருந்தது மேடைக்குப் பின்னால் வேலை செய்த ஒரே ஆள். மேடையைக் கட்டிய தச்சன் அம்ஜத்.

அம்ஜதின் குடும்பம், தொண்ணூறில் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது, மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு வந்தது. அவன் பிறந்ததே புத்தளத்தில்தான். ஆனாலும் அவனை இன்னும் அகதிப் பொடியன் என்றுதான் சொல்கிறார்கள். அவனுக்கும் முத்தலிபுவின் மகள் நஸ்ஹாவுக்கும் அடுத்த மாதம் நிக்காஹ் பேசியிருந்தது. "அகதிக்குப் பொண் குடுக்க ஏலா" என்று முத்தலிபு இரண்டு வருடம் மறுத்து, பிறகுதான் இறங்கி வந்தார். அந்தக் கோபம் போதாதா என்றது பொலிஸ்.

நஸ்ஹா நேற்று ஸும்ராவின் வாசலில் வந்து நின்றாள். அழவில்லை. "ராத்தா, எனக்கு ஒண்டுதான் தெரியோணும். வாப்பாட சாவில அம்ஜத்துக்குக் கை இரிக்கா, இல்லையா? இல்லாட்டி அவருக்காக எந்தக் கோர்ட்டுலயும் நிப்பன். இருந்தா அவர்ட முகத்தில முழிக்க மாட்டன்."

அம்ஜதைக் காவலறையில் ஸும்ரா பார்த்தாள். "நான் மெத்தைய இழுக்கல்ல" என்று நாலுதரம் சொன்னான். அதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை.

"மேடையப் பிரிச்சாச்சு. இனி எப்பிடி அளக்கிறது?" அல்பொன்சா வண்டியைக் கிளப்பினாள். "கதவு சின்னன் எண்டா மேடையும் சின்னன் எண்டு கோர்ட்டுல செல்ல ஏலுமா? என்ட தொப்பி சின்னன், அதுக்காக என்ட மண்டை சின்னனா?"

"உங்கட ஃபோன்ல இந்த வண்டிய ஒரு படம் எடுங்க. அகலமா."

அல்பொன்சா எடுத்தாள். திரையில் அவளுடைய முச்சக்கரவண்டி பஸ் மாதிரி நீண்டு கிடந்தது. "அடியே! இதக் காட்டி லைசன்ஸ் மாத்தலாம் போலயே."

"அதே வித்தைதான். அகலமான லென்ஸ், பளபளப்பான தரை, பின்னுக்குப் போகப் போகச் சிறுக்கிற பல்பு. போட்டிக்கு வந்த ஆக்களப் பாத்தீங்களா? எல்லாரும் கட்டை. கட்டையான ஆளுக்குப் பக்கத்தில மேசை பெருசாத் தெரியும், சுஹைர் உயரமாத் தெரிவார். ஆளப் பொறுக்கினதே மேடைட அளவுக்குத்தான்."

பாவம் முத்தலிபு. அறிவுக்காகக் கூப்பிட்டார்கள் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்திருக்கிறார்.

"அப்ப அந்த இருபத்திரண்டு எட்டு?" அல்பொன்சா கேட்டாள். ஒவ்வொரு வாரமும் சுஹைர் மேசையிலிருந்து சிவப்புச் சதுரம் வரை எண்ணிக்கொண்டே நடப்பார். ஊர்ப் பிள்ளைகளுக்கு அது மனப்பாடம்.

"சின்னச் சின்ன எட்டு. கெமரா இடுப்புக்கு மேலதான் காட்டும், கால் தெரியாது."

ஸும்ரா கைப்பேசியில் சுஹைரின் முகநூல் பக்கத்தைத் தோண்டிக்கொண்டிருந்தாள். ஆள் எதையும் மறைக்கிற இனமில்லை. காலைச் சாப்பாடு முதல் சுன்னத்து விருந்து வரை எல்லாம் படம். நாலு மாதம் கீழே போனதும் அவள் விரல் நின்றது.

"அக்கா, வண்டிய பள்ளிக்கு விடுங்க. லுஹர் தொழுகை முடியப் போகுது."

"நான் பள்ளிக்கா? மிஸ், எனக்கு ஞாயிறுப் பூசையே பெரிய பாடு."

படத்துக்கு மேலே சுஹைர் எழுதியிருந்தார்: 'புதிய மேடையில் முதல் காரியம், அஸர் ஜமாஅத். அல்ஹம்துலில்லாஹ்.' கட்டி முடித்த மேடையில் ஆட்கள் வரிசையாகத் தொழுதுகொண்டிருந்தார்கள். படம் பின்னாலிருந்து எடுத்தது. இடக்கோடியில் நின்றவரின் கால் சிவப்புச் சதுரத்தின் விளிம்பில் இருந்தது. வலக்கோடியில் நின்றவரின் முழங்கை சுஹைரின் மேசையில் உரசியது. ஸும்ரா இரண்டு தரம் எண்ணினாள். பதினொன்று.

ஒன்றரை மணிக்கு, மேடை நின்ற கொட்டகை நிரம்பிவிட்டது. உப இன்ஸ்பெக்டர் அஃப்ராஸ் வயிற்றைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். நஸ்ஹா கறுப்பு அபாயாவில் தூணோரம் நின்றாள். பள்ளித் தலைவர் நெய்னார், தொழுகை முடித்த கையோடு பதினோரு பேரைத் திரட்டி வந்தார். கடைசியாக, வெள்ளைச் சட்டையில், கைப்பேசியைப் பார்த்தபடியே சுஹைர் வந்தார். திரையில் ஆறடி ஆள். நேரில் ஸும்ராவின் காது மடலுக்குத்தான் வந்தார்.

"இதென்ன, உசிரோட இரிக்கக்குள்ளயே எனக்கு ஜனாஸாத் தொழுகையா?" என்று சிரித்தார்.

"இன்னும் இல்ல," என்றாள் அல்பொன்சா.

ஸும்ரா படத்தை நெய்னாரிடம் காட்டினாள். "ஹாஜியார், இந்தத் தொழுகைய நடத்தினது ஆரு?"

"நான்தான். மேசைப் பக்கம் கொஞ்சம் உட்டு நிண்டாங்க. சஃப் வரிசைல இடைவெளி இரிக்கக் கூடா எண்டு நான்தான் ஏசி நெருக்கினன். தோளோட தோள், காலோட கால்."

"அப்பிடியே இப்ப ஒருக்கா நிப்பாட்டுங்க. தொட்டி விளிம்பில இருந்து."

நெய்னாருக்குப் பழகிய வேலை. "நெருங்கி வாங்க... நேராக்குங்க..." என்று இரண்டு வார்த்தையில் பதினோரு ஆண்களும் ஒரு கோடாக நின்றார்கள். மேடை போனாலும் தொட்டி அங்கேயேதான் இருந்தது. அதன் விளிம்பில் முதல் ஆளின் கால். பதினோராவது ஆளின் முழங்கைக்கு நேரே ஸும்ரா ஒரு கதிரையைக் கொண்டுபோய் வைத்தாள். "இது உங்கட மேசை, சுஹைர் நானா."

அல்பொன்சா நாடாவை இழுத்தாள். "பதினேழு அடி. இந்த அண்ணன் கொஞ்சம் வயித்த எக்கினா பதினாறே முக்கால்."

அஃப்ராஸ் கதிரையைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார், தான் எழுதிய அறுபது அடியை நினைத்துக்கொண்டார். அவர் காது சிவந்தது.

"இது படம்தானே," என்றார் சுஹைர். "லென்ஸ்ல கூடக் குறையத் தெரியும். நீங்களே பெரிய கெமராக்காரி மாதிரிக் கதைக்கிறீங்க, தெரியாதா?"

"தெரியும். லென்ஸ் மேடைய இழுக்கும், நீட்டும், பெருப்பிக்கும். ஆனா ஆக்கள்ட எண்ணிக்கையக் கூட்டாது. அறுபதடிய பதினோரு பேர் தோளோட தோள் நிண்டு நிரப்ப ஏலாது."

"சரி, பதினேழடி எண்டே வைங்க. ஒன்பது விநாடில என்ன செய்யலாம்?"

"அக்கா, ஒரு சாக்குத் தும்பக் கயிறு கட்டித் தொட்டிக்குள்ள போடுங்க. கயிற்ற வெளிய விடுங்க. சேர், நீங்க ஓடுங்க."

"நான் ஓடுறதா?" என்றார் அஃப்ராஸ்.

"உங்களால ஏலுமெண்டா இவரால கட்டாயம் ஏலும்."

அஃப்ராஸ் ஓடினார். ஏழு எட்டு வைத்ததும் தொட்டி. கயிற்றைப் பிடித்து ஒரே இழுவை. சாக்கு பக்கத்து வாய்க்காலில் விழுந்தது. திரும்ப ஏழு எட்டு. கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எட்டு விநாடி," என்றாள் அல்பொன்சா. "மிச்ச ஒரு விநாடில டை கட்டலாம்."

"சனம் சிரிக்கிற காட்சிய நீங்கதான் மேசைல இரிக்கிற பொத்தானால போடுவீங்க," ஸும்ரா சுஹைரின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "இந்தக் கொட்டகைல ஒரு பார்வையாளரும் இல்ல. அது எங்கயோ வேறொரு நாள் எடுத்த சிரிப்பு. பதினஞ்சு நிகழ்ச்சி பாத்தன். ஒவ்வொண்டிலயும் சிரிப்பு நாலு விநாடி. அண்டைக்கு மட்டும் ஒன்பது. அந்த நேரம் மேடைல போட்டியாளரும் இல்ல. கெமராக்காரங்க ரெண்டு பேரும் உங்கட மச்சான்மார். அவங்க வாய் திறக்கல்ல."

சுஹைர் கைப்பேசியைச் சட்டைப் பைக்குள் போட்டார். முகத்தில் பயம் வரும் என்று ஸும்ரா காத்திருந்தாள். வந்தது எரிச்சல்.

"நான் அவரச் சாவடிக்க நினைக்கல்ல. மெத்தை தெரியிது, பொய் விழுகை எண்டு சனம் எழுதிட்டே இருந்திச்சு. பாக்கிற ஆக்கள் பாதியாக் குறைஞ்சிட்டாங்க. ஒருக்கா உண்மையா விழட்டும், உண்மையாக் கத்தட்டும். ஒரு கால் பிசகும், மிஞ்சினா ஒரு கை முறியும் எண்டுதான்..." அவர் தோளைக் குலுக்கினார். "அந்த மனுசன் கத்தவே இல்ல."

அஃப்ராஸ் சுஹைரின் கையில் விலங்கை மாட்டும்போது தேவைக்கு மேல் கொஞ்சம் இறுக்கினார், யாரும் ஆட்சேபிக்கவில்லை. பிறகு நஸ்ஹா ஸும்ராவின் கையைப் பிடித்து, மூன்று நாளில் முதன்முதலாக அழுதாள். "அவர் இல்லயே ராத்தா? அவர் இல்லயே?" நெய்னார் அவளைத் தன் வான் வண்டியில் ஏற்றி, அம்ஜதை விடப்போகிற பொலிஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார்.

முச்சக்கரவண்டியில் அல்பொன்சா பாட்டே பாடத் தொடங்கிவிட்டாள். "நிக்காஹ் சாப்பாட்டுக்கு எனக்கும் ஒரு சஹன் சோறு வைக்கச் செல்லுங்க மிஸ். நான் தனியாவே ஆறு பேர்ட பங்கச் சாப்பிடுவன்."

வழக்கு முடிந்தது என்று ஊர் சொன்னாலும் ஸும்ராவுக்குள் ஏதோ முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது.

"அக்கா, மெத்தைய எப்பிடித் தொட்டில வைப்பாங்க?"

"நாலு மூலைலயும் கயிறு போட்டுக் கட்டி. வீடியோல காட்டினாங்களே."

"அஃப்ராஸ் இழுத்த சாக்கு கட்டாத சாக்கு. எட்டு விநாடில நாலு முடிச்ச அவிழ்க்க ஏலுமா?"

அல்பொன்சா நாலு விரலை மடக்கி எண்ணிப் பார்த்தாள்.

"இன்னொண்டு. நான் ஒரு கதவத் தேடி, ஒரு படத்தத் தேடி, பதினோரு பேர நிப்பாட்டி பதினேழடி எண்டு கண்டுபிடிச்சன். அந்த மேடையக் கட்டினது ஆரு? ஒவ்வொரு பலகையும் அறுத்தது ஆரு? 'சேர், அது பதினேழடிதான்' எண்டு ஒரு வார்த்தை அம்ஜத் செல்லியிருந்தா, ஞாயித்துக்கிழமையே வெளிய வந்திருப்பான். கொலைக் குற்றம் தலைல விழுந்தும் அவன் ஏன் வாய் திறக்கல்ல?"

வண்டி மெதுவானது. இரண்டு பக்கமும் தென்னந்தோட்டம், காற்றில் உப்பு.

"மிஸ்," அல்பொன்சா கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தாள். வேடிக்கையெல்லாம் போய்விட்ட குரல். "உட்டுடுங்க. கொன்றவன் மாட்டிட்டான். அந்தப் பொண்ணுக்கு வாப்பா போயிட்டார், இவனும் போனா என்ன மிஞ்சும்? நாம வீட்ட போவம்."

போகலாம்தான். கேள்வியைக் கேட்காமல் விட்டால் அடுத்த மாதம் ஒரு நிக்காஹ் நடக்கும். ஆனால் நஸ்ஹா ஒரேயொரு கேள்விதான் கேட்டிருந்தாள்; பாதிப் பதிலை முழுப் பதிலென்று கொடுக்க ஸும்ராவுக்குத் தெரியாது. அந்தக் குணத்தால்தான் கம்பனி அவளை வீட்டுக்கு அனுப்பியது. அவளுக்குத் தன் மேலேயே வெறுப்பாக இருந்தது.

"போங்க அக்கா. ஸ்டேஷனுக்கு."

அம்ஜதை வெளியே விட்டிருந்தார்கள். வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் ஒரு முழம் தள்ளி நஸ்ஹா, முகத்தில் களைத்துப்போன வெளிச்சம். ஸும்ராவைக் கண்டதும் அம்ஜத் எழுந்தான். நன்றி சொல்ல வாயைத் திறந்தவன், அவள் பார்வையைக் கண்டு மூடிக்கொண்டான்.

"அம்ஜத், மேடைட அகலம் எவ்வளவு?"

அவன் சட்டைப் பொத்தானைத் திருகினான்.

"நீ கட்டினது. பதினேழடி எண்டு நீ ஏன் செல்லல்ல?"

நஸ்ஹா சிரிக்கப் பார்த்தாள். "பயத்தில மறந்திரிப்பார் ராத்தா..."

"நாலு கயிற்றையும் அவிழ்த்தது ஆரு, அம்ஜத்?"

மேசையில் எழுதிக்கொண்டிருந்த அஃப்ராஸின் பேனா நின்றது. அம்ஜத் சுவரைப் பார்த்தான். பிறகு அப்படியே வாங்கில் உட்கார்ந்தான்.

"சுஹைர் நானா செல்லித்தான்..." குரல் அவனுக்கே கேட்கவில்லை போலிருந்தது. "கயிற்ற அவிழ்த்து வை, மிச்சத்த நான் பாக்கிறன் எண்டார். கால் பிசகும், அவ்வளவுதான் எண்டார். நான் பதினேழடி எண்டு செல்லியிருந்தா அவர் மாட்டி, இதயும் செல்லியிருப்பார்."

"தெரிஞ்சுகொண்டா?" என்றாள் நஸ்ஹா. "வாப்பா விழுவார் எண்டு தெரிஞ்சுகொண்டா?"

"அல்லாஹ் மேல ஆணையா இல்ல!" அவன் துள்ளி எழுந்தான். "மாமாட முறை அதுக்கு அடுத்தது. முதல்ல விழ வேண்டியது றஹ்மத் உம்மா, பள்ளிவாசல்துறைல இருந்து வந்த மனுசி. அது கடைசி நேரத்தில பயந்திடிச்சு. மாமா 'நான் போறன், நீங்க இரிங்க' எண்டு முன்னுக்குப் போயிட்டார். எனக்குத் தெரியாது. நான் அங்க இருக்கல்ல. வெளிய ஜெனரேட்டர் பக்கம் போயிட்டன்."

"ஏன் வெளிய போனீங்க?"

அவன் முகத்தைத் திருப்பினான். "கத்துற சத்தம் கேக்க ஏலாது எண்டு."

அல்பொன்சா வாசலிலிருந்து திரும்பி வெளியே போய்விட்டாள். நஸ்ஹா அவன் பக்கம் திரும்பினாள். அவள் கண்ணில் கண்ணீர் இல்லை.

"அந்த மனுசி விழுந்திருந்தா," அவள் நிதானமாகச் சொன்னாள், "நீங்க எங்கட வீட்ட வந்து, வாப்பாவோட இருந்து, நான் போட்ட சோத்தத் திண்டிருப்பீங்க. என்ன?"

அம்ஜத் தலை குனிந்துகொண்டான்.

நஸ்ஹா எழுந்து அஃப்ராஸின் மேசைக்கு முன்னால் போய் நின்றாள். "நான் ஒரு முறைப்பாடு குடுக்கோணும். கயிறு அவிழ்த்த ஆளுக்கு எதிரா."

அஃப்ராஸ் ஸும்ராவைப் பார்த்தார். ஸும்ரா ஜன்னலைப் பார்த்தாள். அவர் புதுத் தாளொன்றை எடுத்து, தேதி போட்டு, தயங்கித் தயங்கி எழுதத் தொடங்கினார்.

"சந்தேக நபர்ட பேர்?"

"அம்ஜத்."

"உங்களுக்கு என்ன முறை?"

"ஒரு முறையும் இல்ல," என்றாள் நஸ்ஹா.